சூடேறும் திரவமும் சந்திரசேகரும்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை முதல் வண்டிக்காக மான்குர்த் ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். தேவ்னார்ப் பக்கத்திலிருந்து வரும் புகை மேலே எழும்பாமல், பாய் விரித்தாற்போல் தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள கூரைகள் புகைக்குள் பாதி முழுகி நிற்கும். எட்டு மணி, ஒன்பது மணி என்று வெயில் ஏறி, தரை சூடு பிடித்ததும் அந்தப் புகை அசையத் தொடங்கும். சற்று நேரத்துக்கெல்லாம் கலைந்து மேலே போய்விடும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் கனமான குளிர்ந்த காற்று கீழே கிடக்கிறது; இலேசான சூடான காற்று அதன்மேல் இருக்கிறது. கனமானது கீழே, இலேசானது மேலே என்றால் அமைதிதான். காலையில் தரை சூடானதும் நிலைமை தலைகீழாகிறது. கீழுள்ள காற்று இலேசாகிவிடுகிறது. அது மேலே போகத் துடிக்கிறது. ஆனால் துடித்த உடனேயே போய்விடுகிறதா என்றால், இல்லை. காற்றாகட்டும், தண்ணீராகட்டும், ஓரளவு சூட்டைப் பொறுத்துக்கொண்டு அசையாமல்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே அமைதி குலையும். அந்த அளவு எது? அந்தத் திரவத்தைச் சுழற்றினால் அளவு மாறுமா? காந்தத்தின் நடுவே வைத்தால்?

இந்தக் கேள்விகளுக்குத் தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்து வருஷங்களைக் கொடுத்தவர் ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றால் நமக்கெல்லாம் நட்சத்திரங்கள்தாம் நினைவுக்கு வரும். வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களுக்கு அவர் வகுத்த எல்லையும், எடிங்டனோடு ஏற்பட்ட பூசலும், 1983-ல் கிடைத்த நோபல் பரிசும் நம் சங்கங்களின் மலர்களில் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. திரவங்களை அவர் ஆராய்ந்த கதையை நான் தமிழில் எங்கும் படித்ததில்லை. எனக்கோ அவருடன் அறிமுகம் ஏற்பட்டதே அந்த வழியாகத்தான். அதுவும் என் தவறு ஒன்றின் காரணமாக. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே தணிக்கைத் துறையில் உயர் உத்தியோகம் பார்த்தவர். உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பம் லாகூரிலிருந்து லக்னோவுக்கும், பிறகு 1918-ல் சென்னைக்கும் வந்தது. ஆக, ஊர்விட்டு ஊர் போகும் வாழ்க்கை அவருக்குத் தொட்டில் பழக்கம். பத்துக் குழந்தைகளில் மூத்த ஆண்மகன் அவர். தாயார் சீதாலட்சுமி, இப்ஸனுடைய நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். சிற்றப்பாதான் சர் சி. வி. ராமன். பன்னிரண்டு வயது வரையில் வீட்டிலேயே பாடம் படித்துவிட்டு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். அவருடைய நாட்டம் கணிதத்தில். தந்தையாரின் விருப்பம் பௌதிகம். பௌதிகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். இந்த இரட்டைப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. அவருடைய பௌதிகம் எல்லாம் கணித உடை அணிந்தே வந்தது. சிலருக்கு அது குறையாகப்பட்டது. எனக்கு அதுவே அவருடைய பலமாகப் படுகிறது.

சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் படிப்பதற்காக 1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் பில்ஸ்னா என்ற கப்பலில் ஏறினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. தாயார் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் இருந்தார். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தபோது, போகத்தான் வேண்டும் என்று நின்றவர் அந்தத் தாயாரே. அடுத்த வருஷம் மே மாதம் அவர் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். ஊரை விட்டு இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு எது? ஆனாலும் இதைப் படிக்கும்போது எனக்கு மேற்கொண்டு பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை.

பருவமழைக் காலத்துக் கடல். முதல் சில நாட்கள் கப்பல் ஆட்டத்தில் தலைதூக்க முடியாமல் கிடந்தார். கடல் தணிந்ததும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். எரிந்து அடங்கிய நட்சத்திரம் ஒன்று சுருங்கிக்கொண்டே போய், எலெக்ட்ரான்களின் அழுத்தத்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்பது அக்காலக் கொள்கை. அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார் இளைஞர். ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறை கொண்ட நட்சத்திரத்துக்குச் சுருங்குவதினின்று ஓய்வே இல்லை என்று விடை வந்தது. இப்போது நாம் அறிந்தபடி அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

இதை முழுமையாக்கி, 1935-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் வாசித்தார். அவருக்குப் பின் எழுந்த சர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெருந்தலைவர், அதைக் கேலிக்குரியதாக்கிப் பேசினார், சபை சிரித்தது. பௌதிகத்தில் பேர்பெற்றவர்கள் பலர் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனியே ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எடிங்டனோடு அவர் நட்பை முறித்துக்கொள்ளவில்லை என்பதும், 1939-ல் நட்சத்திர அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி அந்த அத்தியாயத்தை மூடிவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார் என்பதும் நாம் கவனிக்க வேண்டியவை.

அதன்பிறகு அதுவே அவருடைய வாழ்க்கை முறையாயிற்று. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். ஐந்து வருஷம், பத்து வருஷம் அதிலேயே முழுகுவார். கட்டுரைகளாக எழுதித் தள்ளுவார். முடிவில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெரும் நூலாக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் அடுத்த துறைக்கு நடந்துவிடுவார். நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம் 1942-ல் நூலாயிற்று. ஒளிக்கதிர் பரவுதல் 1950-ல். அந்த வரிசையில் அடுத்து வந்ததுதான் திரவங்கள்.

இதற்கிடையில், 1936-ல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தமக்கு ஒரு வகுப்புக் கீழே பௌதிகம் படித்த லலிதா அம்மையாரை மணந்துகொண்டார். 1937 முதல் சிகாகோ பல்கலைக் கழகத்தின் ஆசிரியர். அந்தப் பல்கலைக் கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வுக்கூடம் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் இருந்தது. இருபத்தேழு வருஷம் அந்த ஊரிலேயே குடியிருந்தார்கள். சிகாகோ வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்கு அவருடைய நிறத்தைக் காரணமாகக் கொண்டு ஒரு தலைவர் தடை சொன்னதும், பல்கலைக் கழகத்தின் அதிபர் ஹட்சின்ஸ் அந்தத் தடையைத் தள்ளிவிட்டதும் அந்த ஆரம்ப வருஷங்களில் நடந்தவை. போர்க்காலத்தில் மேரிலாந்திலுள்ள அபர்டீன் என்ற இடத்தில் பீரங்கி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வந்தார். அங்கே வெடிப்பினால் எழும் அதிர்ச்சி அலைகளைப் பற்றிய கணக்குகள் அவருக்குத் தரப்பட்டன. வான் நாய்மன் முதலியோரும் அங்கே வந்து போனார்கள். திரவம், வாயு இவற்றின் ஓட்டத்தை எண்களாகக் கணக்கிட்டுப் பார்ப்பது என்ற இன்றைய கலைக்கு வித்திட்ட இடங்களில் அதுவும் ஒன்று.

போர் முடிந்தபின் அவர் மனம் முதலில் கொந்தளிப்பு ஓட்டத்தை நாடிற்று. வெள்ளம் வரும்போது பாலத்தூணின் பின்னால் பார்க்கிறோமே, சுழலுக்குள் சுழலாக, ஓர் ஒழுங்கும் இல்லாமல், அதுதான் கொந்தளிப்பு. சூரியனிலும் நட்சத்திரங்களிலும் வாயுக்கள் அவ்வாறே கொந்தளிக்கின்றன. 1949-ல் அமெரிக்க வானியலாருக்கு அவர் நிகழ்த்திய முக்கியமான சொற்பொழிவு இதைப் பற்றியதே. ஆனால் இந்த மலையை அவரால் ஏற முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில வருஷம் முயன்றார்; தாம் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. இன்றுவரை அதற்கு முழுமையான கொள்கை கண்டவர் எவரும் இல்லை. பெரியோர் வரலாறு எழுதுபவர்கள் இத்தகைய பக்கங்களை விழுங்கிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தத் தோல்விதான் அவரைச் சரியான கேள்விக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று தோன்றுகிறது. கொந்தளித்த பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அமைதி எப்போது குலைகிறது என்று கேட்கத் தொடங்கினார். முதல் கேள்விக்கு விடை இல்லை. இரண்டாவதற்கு உண்டு, அதுவும் நான்கு தசம ஸ்தானம் வரையில்.

கேள்வி பழையது. பிரான்சு நாட்டு பெனார் என்பவர் 1900-ல் உருகிய மெழுகை மெல்லிய தகடுபோல் பரப்பி அடியில் சூடேற்றினார். தேன்கூட்டைப் போல் அறுகோண அறைகள் தோன்றுவதைக் கண்டார். 1916-ல் ராலே பிரபு அதற்குக் கணக்குப் போட்டார். (பெனார் கண்ட அறுகோணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் மேற்பரப்பின் இழுவிசையே, ராலே போட்ட கணக்கு வேறொன்றுக்கு உரியது என்று 1950-களில்தான் தெரிந்தது. தவறான பரிசோதனையை விளக்கப்போய்ச் சரியான கொள்கை பிறப்பதும் விஞ்ஞானத்தில் உண்டு!)

ராலேயின் கருத்தை இப்படிச் சொல்லலாம். சூடான திரவத்தை மேலே தள்ளுவது அதன் இலேசுத்தன்மை. அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று பாகுத்தன்மை, மற்றொன்று, சூடு பக்கத்துத் திரவத்துக்குக் கசிந்துபோய் வித்தியாசத்தையே அழித்துவிடுவது. தள்ளுவதைத் தடுப்பவற்றால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதுவே ராலே எண். இந்த எண்ணில் திரவத்தின் ஆழம் மும்மடிப் பெருக்கமாக வருகிறது. ஆழத்தை இரட்டித்தால் எண் எட்டு மடங்காகும். மேலும் கீழும் திடமான இரு தட்டுகளுக்கு நடுவே திரவம் இருந்தால் இந்த எண் 1708-ஐ எட்டும்போது அமைதி குலையும். அரை சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீராக இருந்தால் மேலுக்கும் கீழுக்கும் சுமார் 1 டிகிரி வித்தியாசமே போதும். தண்ணீரானாலும் எண்ணெயானாலும் பாதரசமானாலும் அதே 1708 என்பதுதான் இதிலுள்ள அழகு.

இப்போது என் தவறைச் சொல்லுகிறேன். எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக இந்த வெப்பச் சலனத்தைக் கணக்கிடக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினேன். வண்ண வண்ணமாகப் படம் வந்தது. கீழே சிவப்பு, மேலே நீலம், நடுவே காளான்போல் எழும்பும் சூடான திரவம். மான்குர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து அம்மாவுக்குக்கூடக் காட்டினேன். பால் பொங்குவது போலிருக்கிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அமைதி குலையும் எண் என் புரோகிராமில் 1708 ஆக வரவில்லை. 1101 என்று வந்தது. கட்டங்களைச் சிறிதாக்கினேன், கால அளவைக் குறைத்தேன். இரண்டு வாரம் போயிற்று. எண் அசையவில்லை.

நூலகத்திலிருந்து ஒரு பழைய கட்டட நூலைக் கொண்டுவந்தேன். 1961-ல் வெளிவந்த, திரவ நிலைகுலைவைப் பற்றிய சந்திரசேகரின் நூல். 650 பக்கங்களுக்குக் குறையாதது. இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சிறு பட்டியல். இரு பக்கமும் தடையற்ற பரப்பாக இருந்தால் 657.5, இரு பக்கமும் திடமான தட்டாக இருந்தால் 1707.76, ஒரு பக்கம் திடம், மறுபக்கம் தடையற்றது என்றால் 1100.65. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தவுடன் தலையில் அடித்துக்கொண்டேன். மேல்தட்டை ஒட்டிய திரவம் அசையக்கூடாது என்ற நிபந்தனையை நான் எழுதத் தவறிவிட்டேன். புரோகிராம் தன்னளவில் சரியாகவே கணக்கிட்டிருக்கிறது. ஆனால் மேல்தட்டே இல்லாத வேறொரு பாத்திரத்துக்கு! என் படத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் அச்சான ஒரு பட்டியல் என் பிழை இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டிற்று.

உலகில் எங்கே வெப்பச் சலனத்துக்குப் புதிதாகப் புரோகிராம் எழுதினாலும் முதலில் இந்த எண் வருகிறதா என்றுதான் சோதிக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 1708 என்ற எண்ணைச் சந்திரசேகர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே தெரிந்ததுதான். அவர் செய்தது அதற்குமேல்.

நட்சத்திரம் சும்மா இருக்கும் பாத்திரமல்ல. அது சுழல்கிறது, அதனுள் காந்தப் புலம் இருக்கிறது. பூமியின் நடுவிலுள்ள உருகிய இரும்பும் அப்படியே. ஆகவே சூடேறும் திரவத்தைச் சுழற்றினால் என்ன, மின்சாரத்தைக் கடத்தும் திரவமாக இருந்து அதன் குறுக்கே காந்தப் புலம் இருந்தால் என்ன என்று 1952 முதல் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். சுழற்சி தடை செய்கிறது. அமைதி குலைவதற்கு வேண்டிய சூடு பன்மடங்காகிறது; எழும்பும் திரவத்தின் அறைகள் மெலிந்து ஊசிபோல் ஆகின்றன. காந்தப் புலமும் தடை செய்கிறது. அதன் பலத்தைக் குறிக்கும் எண்ணுக்கு இன்று சந்திரசேகர் எண் என்றே பெயர். பாதரசம் போன்ற உருகிய உலோகத்தைச் சுழற்றினால், அமைதி குலைவது நேராக எழும்பும் ஓட்டமாகத் தொடங்காமல் ஊஞ்சலாட்டம்போல் முன்னும் பின்னுமாகத் தொடங்கும் என்று 1953-ல் கணக்கிட்டுச் சொன்னார். அதே சிகாகோவில் ஃபுல்ட்ஸும் நாகாகவாவும் பாதரசத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். ஊஞ்சலாட்டம் வந்தது. காகிதத்திலிருந்து பாத்திரத்துக்குப் போன கணக்கு அது.

ஃபெர்மியும் அப்போது சிகாகோவில் இருந்தார். இருவரும் வாரந்தோறும் சந்தித்துப் பேசி, நட்சத்திர மண்டலங்களின் காந்தப் புலத்தைப் பற்றி 1953-ல் சேர்ந்து எழுதினார்கள். 1954-ல் ஃபெர்மி காலமானார். அந்தக் கூட்டு அத்தோடு நின்றது.

இந்தக் கணக்குகள் எப்படிப் போடப்பட்டன என்பதில்தான் என் போன்றவர்களுக்கு ஆசை. ஒவ்வொரு நிலைமைக்கும், அறையின் அகலம் இவ்வளவு என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதற்குரிய ராலே எண்ணைக் காண வேண்டும், பிறகு அகலத்தைச் சிறிது மாற்றி மறுபடி, பிறகு மறுபடி. இவற்றுள் மிகச் சிறியது எதுவோ அதுவே எல்லை. ஒரு விடைக்கு இத்தனை பாடு என்றால், சுழற்சியையும் காந்தத்தையும் மாற்றி மாற்றிப் பட்டியல் போடுவதற்கு எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். என் லேப்டாப்பில் அது நிமிஷ வேலை. அன்று மேசைமேல் வைத்த கணக்கு எந்திரத்தில், ஒவ்வொரு எண்ணாக விசையைத் தட்டித் தட்டிச் செய்ய வேண்டியது.

தட்டியவர் சந்திரசேகர் அல்லர். டோனா எல்பர்ட் என்ற பெண்மணி. வில்லியம்ஸ் பே பகுதியில் வளர்ந்தவர். 1948-ல், இருபது வயதில், யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்தில் கணக்கு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1979 வரையில் முப்பது வருஷம் அவருக்காகக் கணக்கிட்டார். அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே இத்தகைய வேலை பார்க்கும் மனிதரைக் குறித்தது. சில கட்டுரைகளில் சந்திரசேகரோடு இவர் பெயரும் ஆசிரியராக வந்திருக்கிறது. சுழலும் திரவத்தைப் பற்றி 1955-ல் ராயல் சொஸைட்டி வெளியிட்ட கட்டுரை அவற்றுள் ஒன்று. இன்னும் பல இடங்களில் நன்றி வரியில் மட்டும் வருகிறார்.

அந்த நூலில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த பகுதி சுழற்சியும் காந்தமும் சேர்ந்து வருவது. தனித்தனியே இரண்டும் தடைகள். இரண்டையும் சேர்த்தால் இரட்டைத் தடையாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கணக்கு வேறு சொல்லிற்று. பலமாகச் சுழலும் திரவத்தில் காந்தப் புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஊசிபோலிருந்த அறைகள் சட்டென்று அகன்றுவிடுகின்றன. வேண்டிய சூடும் குறையத் தொடங்குகிறது. ஒருவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பிடியை மற்றவரே தளர்த்திவிடுவது போன்றது இது. சுழற்சி விதிக்கும் கட்டுப்பாட்டைக் காந்த விசை தகர்த்துவிடுகிறது. பழைய சைக்ளோட்ரான் எந்திரம் ஒன்றின் பெரிய காந்தத்தை எடுத்து நாகாகவா பாதரசத்தில் பரிசோதித்தபோது அதுவும் மெய்யென்று தெரிந்தது.

கணக்கின் நடுவே, ஒரே நிலைமைக்கு இரண்டு மிகச் சிறிய எண்கள், ஊசி அறைக்கு ஒன்றும் அகன்ற அறைக்கு ஒன்றுமாக, வருகின்றன என்பதைக் கண்டவர் எல்பர்ட் அம்மையார். இதைச் சந்திரசேகரே நூலில் ஒரு சிறு குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்திரம் தட்டுபவருக்கு விடை என்ன ஆக வேண்டும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால், முதலில் கிடைத்த சிறிய எண்ணோடு நிறுத்தியிருப்பார். இவர் அப்பாலும் போய்ப் பார்த்திருக்கிறார். அறுபது வருஷம் அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022-ல் சூசன் ஹார்ன், ஜோனதன் ஆர்னோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பூமியின் நடுக்கருவைப் பற்றிக் கணக்கிடும்போது அந்த அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வகை ஓட்டங்களும் உடனிருக்கக்கூடிய அந்த எல்லைக்கு எல்பர்ட் எல்லை என்று பெயர் சூட்டினார்கள். அம்மையார் 2019-லேயே மறைந்துவிட்டார்.

இதற்காகச் சந்திரசேகரைக் குறை சொல்லத் தோன்றுகிறதா? எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. அக்காலத்தில் கணக்கு உதவியாளர் பெயரை நன்றி வரியில்கூடப் போடாத பேராசிரியர்கள் எத்தனையோ பேர். இவர் கட்டுரைகளில் ஆசிரியராகவே சேர்த்தார்; கண்டுபிடிப்பு யாருடையது என்று எழுதியும் வைத்தார். ஆயினும் அது பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. அகில உலகமும் தம் சொல்லைக் கேட்கவில்லை என்று 1935-ல் உணர்ந்த ஒருவர், இந்தப் பெயரை இன்னும் இரண்டு அங்குலம் மேலே தூக்கி வைத்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நூல் முடிந்தது, வழக்கம்போல் அவர் அடுத்த துறைக்குப் போய்விட்டார். சுழலும் திரவ உருண்டைகளின் வடிவங்கள் 1969-ல் நூலாயின, கருந்துளைகள் 1983-ல். வானியலாரின் முக்கியமான சஞ்சிகை ஒன்றுக்கு 1952 முதல் 1971 வரை ஆசிரியராகவும் இருந்தார். தம் துறை ஆராய்ச்சிக்கு இடையிலேயே, தினமும் பிறருடைய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டு! அதிகாலை முதல் நடுநிசி வரை மேசையருகே இருப்பார் என்றும், மேசையில் ஒரு தாள்கூட இடம் மாறிக் கிடக்காது என்றும் அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1953-ல் அவரும் லலிதா அம்மையாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். தந்தையாருக்கு அது பெரிய மனத்தாங்கல். தம் பம்பாய் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரை அழைத்துவர வேண்டுமென்று, கேம்பிரிட்ஜ் நாளிலிருந்தே பழகிய ஹோமி பாபா விரும்பியதுண்டு, அவர் வரவில்லை. வந்திருந்தால் என்று நான் சில சமயம் எண்ணிக்கொள்வேன். பாபா பெயரால் அமைந்த விஞ்ஞானக் கல்வி மையம் எங்கள் மான்குர்த்திலேயே இருக்கிறது. அதைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த எண்ணம் வரும். ஆனால் வில்லியம்ஸ் பேயின் அமைதியும், எல்பர்ட் அம்மையாரின் எந்திரமும், சிகாகோவில் பாதரசத்தைச் சுழற்றிக் காட்டும் நாகாகவாவும் இல்லாமல் அந்த நூல் உருவாகியிருக்குமா என்றும் கூடவே தோன்றும்.

அவர் 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் காலமானார். கடைசி நூல், நியூட்டனின் கணிதத்தைச் சாதாரண வாசகருக்கு விளக்குவது, அந்த வருஷந்தான் வெளிவந்தது. நான்கு வருஷம் கழித்து அமெரிக்கா விண்ணில் செலுத்திய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே இட்டார்கள்.

மேல்தட்டின் நிபந்தனையைச் சேர்த்தபின் என் புரோகிராம் 1707.8 என்றது. அன்றிரவு அம்மாவிடம் மறுபடி படத்தைக் காட்டினேன். முன்னே காட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். இப்போது சுழற்சியையும் காந்தத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறிய எண் கிடைத்ததும் புரோகிராம் நின்றுவிடாமல் அப்பாலும் தேட வேண்டுமென்று எழுதியிருக்கிறேன். அந்த நூலின் பட்டியலில் மேலிருந்து மூன்று வரிகள் பொருந்திவிட்டன; நான்காவது இன்னும் பொருந்தவில்லை.